குழல் மாற்றும் வேட்டைத் துப்பாக்கி: கழற்றிப் பூட்டினால் குறி நிற்குமா?

ஊர்விட்டவன்

பண்டாரவளையை விட்டு வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. இப்போது இருப்பது தெற்கு ஜேர்மனியில். இங்கே வேட்டைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் பரீட்சை எழுத வேண்டும். விலங்குகள், சட்டம், நாய், துப்பாக்கி, இறைச்சிச் சுகாதாரம் என்று அது நீண்டுகொண்டே போகும். உயர்தரப் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு படித்ததில்லை. எப்படியோ தேறிவிட்டேன்.

போன மாதம், ஒருவர் பாவித்த பிளேசர் ஆர்8 ரைபிள் ஒன்றை வாங்கினேன். ஒரு மரக் கட்டை, தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் ஒரு போல்ட், இரண்டு குழல். சிறியது 243 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, பெரியது 8×57 தோட்டாவுக்கு. அடியில் இரண்டு திருகுகள் இருக்கின்றன. அறுகோணச் சாவியால் அவற்றைத் தளர்த்தினால் குழல் கையோடு மேலே வந்துவிடுகிறது. அடுத்ததை வைத்து இறுக்க வேண்டியதுதான். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இரண்டு எதற்கு என்று கேட்பீர்கள். இங்குள்ள சட்டப்படி ரோ மான் எனப்படும் சிறிய மானுக்கு, நூறு மீட்டரில் குண்டிடம் 1000 ஜூல் சக்தி இருந்தால் போதும். காட்டுப்பன்றிக்கும் பெரிய மானுக்கும் 2000 ஜூல் வேண்டும், குண்டின் விட்டமும் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 243இன் குண்டு 6.2 மில்லிமீட்டர்தான். சிறிய மானுக்கு அவ்வளவு பொருத்தமான குழல், பன்றிக்கு முன்னால் செல்லாக் காசு. ஆகவே இரண்டு துப்பாக்கி வாங்கு, அல்லது இரண்டு குழல் வாங்கு.

ஊரில் துப்பாக்கி அறிந்த பெரியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அதுதான் எழுதுகிறேன்.

மூன்றாம்_டிவிசன்

அண்ணன், எங்கள் வீட்டில் ஒரு பிரஷர் குக்கரும் இரண்டு மூடியும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றும் சரியாகப் பொருந்துவதில்லை. பருப்பு வேகிறதோ இல்லையோ, சுவரில் இருக்கிறது. உங்கள் துப்பாக்கியும் அப்படியா?

பழைய_ஃபிட்டர்

தம்பி விளையாட்டாகச் சொன்னது சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் சந்தேகம்.

தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். ரோலரைக் கழற்றிப் பூட்டிய எவனும், கழற்றிய பொருள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து உட்காரும் என்று சத்தியம் செய்ய மாட்டான். உங்களுக்கு ஒரு கணக்கு. குறி பார்க்கும் தொலைநோக்கி பத்து சென்டிமீட்டர் நீளத் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதன் ஒரு முனை மட்டும் 0.1 மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது. கொப்பித் தாள் ஒன்றின் கனம், அவ்வளவுதான். நூறு மீட்டரில் குண்டு பத்து சென்டிமீட்டர் விலகி விழும். நெஞ்சைக் குறிவைத்தால் வயிற்றில் படும். காயம்பட்ட பன்றியை இரவில் தேடிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்து சென்டிமீட்டரின் அர்த்தம் தெரியும்.

குழலை வாரம் இரண்டு முறை கழற்றிப் பூட்டிக்கொண்டு, குறி அப்படியே நிற்கிறது என்றால் நான் நம்பமாட்டேன்.

ஊர்விட்டவன்

ஐயா, கணக்கு சரி. ஆனால் ஒன்றை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தத் துப்பாக்கியில் தொலைநோக்கி உடம்பின் மேல் இல்லை, குழலின் மேலேயே உட்காருகிறது. குழலைக் கழற்றும்போது தொலைநோக்கியும் அதோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றுக்கொன்று உள்ள பார்வை கலைவதே இல்லை. கட்டை சற்று முன்பின்னாக இருந்தாலும் குழலும் கண்ணாடியும் ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

பழைய_ஃபிட்டர்

பாதி ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டு குழலுக்கு இரண்டு தொலைநோக்கி வேண்டுமே. நல்ல கண்ணாடியின் விலை துப்பாக்கி விலைக்குச் சளைத்ததல்ல என்று கேள்வி. ஒரே கண்ணாடியைக் குழலுக்குக் குழல் மாற்றிப் போட்டால் நான் சொன்ன கொப்பித் தாள் கணக்கு மறுபடி உயிர் பெற்றுவிடும். "ஒரு துப்பாக்கி, இரண்டு வேலை" என்று விற்கிறவர்கள் இந்தச் செலவை மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

இனிக் குக்கர் மூடிக்கு வருவோம். மூடி என்பது இங்கே போல்ட். தோட்டாவின் அடிப்பகுதியைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். தோட்டா அறைக்குள் போய்த் தன் தோளில் முட்டி நின்ற பிறகு, அதன் அடிக்கும் போல்டின் முகத்துக்கும் நடுவே மயிரிழை இடம்தான் இருக்கலாம். இந்த அளவை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். கூடிவிட்டால் பித்தளைக் கூடு இழுபட்டு அடியோடு அறுந்து, நெருப்புக்காற்று சுடுகிறவனின் முகத்தை நோக்கி வரும். 243க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 4150 பார். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குச் சற்று மேலே. ஒப்பிட்டுப் பாருங்கள்.

1898இல் வந்த மவுசர் துப்பாக்கியில், குழல் ஒரு எஃகுக் கூட்டுக்குள் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். போல்டின் காதுகள் அந்தக் கூட்டில் போய்ப் பூட்டும். ஆகவே குழல் எவ்வளவு ஆழம் முறுகுகிறது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. அதை மாற்றுவது கம்மாலை வேலை. வைஸ் வேண்டும், நீளக் கைப்பிடிச் சாவி வேண்டும், அளவுக்கட்டை வேண்டும். உங்களுடையதில் ஒரு அறுகோணச் சாவி மட்டும் போதுமென்றால், அந்த அளவைக் காவல் காப்பது யார்?

ஊர்விட்டவன்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா.

ஆர்8இன் போல்ட் கூட்டில் பூட்டுவதில்லை. அதன் தலையைச் சுற்றிப் பூவிதழ் போல எஃகுத் துண்டுகள் இருக்கின்றன. கைப்பிடியை நேராக முன்னால் தள்ளியதும் அவை விரிந்து, குழலின் பின்புறத்தில் உள்ளே வெட்டிய வளையப் பள்ளத்தில் போய் இறுகுகின்றன. போல்ட் நேரடியாகக் குழலைப் பிடித்துக்கொள்கிறது. வெடியின் உதை இவ்விரண்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் சட்டத்துக்கு அந்தச் சுமை போவதில்லை. ஹெட்ஸ்பேஸ் அளவு தொழிற்சாலையிலேயே குழலுக்குள்ளும் போல்ட் தலைக்குள்ளும் அமைந்துவிடுகிறது. நான் திருகை எவ்வளவு இறுக்கினாலும் அது மாறாது. மவுசரே 2003இல் எம்03 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் போல்ட் பூட்டுவது குழலில்தான்.

பழைய_ஃபிட்டர்

இதை வாசித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். யாரோ நன்றாக யோசித்திருக்கிறான். சுமை போகும் பாதையைச் சுருக்கிவிட்டால் அளவு கெடுவதற்கு இடமே குறைந்துவிடும். இயந்திரம் தெரிந்தவன் வேலை.

அமெரிக்காவில் சாவேஜ் 110 என்ற துப்பாக்கி 1958இல் வேறு வழியைப் பிடித்தது. குழலின் மரையில் ஒரு பூட்டு நட்டு. குழலை வேண்டிய ஆழத்துக்கு முறுக்கி, அளவுக்கட்டை வைத்துப் பார்த்து, நட்டை இறுக்கினால் முடிந்தது. அளவுக்கட்டை இரண்டு: ஒன்றை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடவே கூடாது. அதைச் செய்தது மலிவாகத் தயாரிப்பதற்காக. குழல் மாற்றிகளுக்கு அது பிற்பாடு வந்த வரம்.

லீக்ஸ்_தோட்டம்

நீங்கள் இருவரும் பேசுவதைப் பார்த்தால், குழல் கழற்றுவது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த வித்தை போல இருக்கிறது. என் தகப்பனார் காலத்து ஒற்றைக்குழல் பன்னிரண்டாம் நம்பர் துவக்கு வெலிமடையில் என் அலுமாரியில் இருக்கிறது. முன்கட்டையை இழுத்தால் கையோடு வரும். குழலை மடித்துத் தூக்கினால் ஆணியிலிருந்து விடுபடும். மிச்சம் பின்கட்டை. மூன்று துண்டு, ஒரு திருகும் கிடையாது, சாவியும் கிடையாது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றி வைக்கிறேன். ஆண்டுதோறும் அனுமதியைப் புதுப்பிக்கக் கச்சேரிக்கு நடப்பது மட்டும்தான் சிரமம்.

எனக்கு இருப்பது கால் ஏக்கர் உருளைக்கிழங்கும் கொஞ்சம் லீக்ஸும் கரட்டும். பன்றிக்கு லீக்ஸ் பிடிக்காது, உருளைக்கிழங்கு என்றால் உயிர். இரவு பதினொன்றுக்குப் பிறகு வரும். பனிமூட்டத்தில் டோர்ச் வெளிச்சம் முப்பது மீட்டர் போனால் பெரிய காரியம். அந்த முப்பது மீட்டருக்கு 243 என்ன, 8×57 என்ன? வெடித்தால் ஓடிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். பாதி நாள் தகரத்தைத் தட்டியே விரட்டுகிறேன்.

பழைய_ஃபிட்டர்

ஈய உருண்டைகள் சுடும் துவக்கு வேறு, ஒற்றைக் குண்டு சுடும் ரைபிள் வேறு தம்பி. உங்கள் பன்னிரண்டாம் நம்பர் தோட்டாவுக்குச் சாதாரணமாக அனுமதிக்கும் அழுத்தம் 740 பார். அதனால்தான் ஒரு ஆணியும் ஒரு கொக்கியும் அதைத் தாங்குகின்றன. ஐந்தரை மடங்கு கூடினால் ஆணி பேசாது. ஆனால் நீங்கள் சொன்ன மடிப்புக் குழல் யோசனையை ரைபிளுக்கும் கொண்டுபோனவர்கள் உண்டு. அமெரிக்காவின் தாம்சன் சென்டர் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த கண்டெண்டர், மடித்துக் குழல் மாற்றும் ஒற்றைவெடிக் கைத்துப்பாக்கி. ரைபிள் தோட்டாவையும் சுடும் குழல்கள் அதற்கு வந்தன.

சிறுத்தைத்_தடம்

அட்டனிலிருந்து எழுதுகிறேன். நான் பாடசாலை ஆசிரியை, துப்பாக்கி தெரியாது. ஆனால் பேச்சு மலைநாட்டுக்குள் வந்துவிட்டதால் சும்மா இருக்க முடியவில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. சுருக்கைப் பன்றிக்கு வைக்கிறார்கள், அந்தப் பாதையில் சிறுத்தையும் நடக்கிறது. பாதையில் கட்டிவைத்துத் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் அப்படித்தான், அது ஆளையும் பார்க்காது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணும் அதற்குப் பன்றிதான். வேட்டைத் துப்பாக்கியின் அழகைப் பற்றிப் பேசும்போது இதுவும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த மலைகளுக்கு வேட்டைக்காரர்கள் புதியவர்கள் அல்ல. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, வேட்டை நாய்களோடு மரை மான்களைத் துரத்தினார். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார், நுவரெலியாவில் கல்லறை இருக்கிறது. இன்று அந்த ஊரில் யானையைப் பார்க்க வேண்டுமென்றால் சுவரில் வரைந்தால்தான் உண்டு.

ஊர்விட்டவன்

டீச்சர், நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சுருக்குக் கம்பியைப் பற்றி இங்கே நண்பர்களிடம் சொன்னபோது முகம் சுளித்தார்கள்.

பேக்கர் பெயரை எடுத்தீர்கள், அதனால் ஒன்று. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் வாய்வழியாக மருந்து இடிக்க வேண்டும். அதற்கு நேரம் போதாதென்று, நிரப்பிய துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பின்னால் நடந்தார்கள். ஒன்றைச் சுட்டுவிட்டுக் கையை நீட்டினால் அடுத்தது கைக்கு வரும். யானை பாய்ந்து வரும்போது அந்த ஆள் ஓடாமல் நிற்க வேண்டும். அவர்கள் பெயரைச் சொல்லக் கல்லறை ஏதும் இல்லை.

லீக்ஸ்_தோட்டம்

அந்தக் கூலி ஆள் வேலையைத்தான் இப்போது அறுகோணச் சாவி பார்க்கிறது என்கிறீர்கள்.

டீச்சருக்கு: என் தோட்டத்தில் சுருக்கு இல்லை, ஒருபோதும் வைத்ததில்லை. ஆனால் வைக்கிறவனையும் எனக்குத் தெரியும். நாலு மாத உழைப்பை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போன காலையில் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பயிரழிக்கும் விலங்குகளை அரசாங்கம் கணக்கெடுத்த 2025 மார்ச் 15ஆம் தேதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் வரப்பில் நின்று குரங்கு, மயில், மர அணில் எல்லாம் எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். பன்றியை எண்ணச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது காலை எட்டு மணிக்கு வந்து வரிசையில் நிற்பதில்லை.

மூன்றாம்_டிவிசன்

அண்ணன், அடுத்த முறை ஊருக்கு வரும்போது குழலை மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் அல்லவா? வெறும் குழாய்தானே. தண்ணீர்க் குழாய் என்று சொல்லிவிட்டால்?

ஊர்விட்டவன்

தம்பி, இந்தப் பகிடியை விமான நிலையத்தில் சொல்லிவிடாதே. ஜேர்மனியில் குழலும் துப்பாக்கிக்குச் சமமான பாகம். ஒவ்வொன்றிலும் இலக்கம் பொறித்திருக்கும், என் ஆயுத அட்டையில் இரண்டு குழலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன. நாட்டை விட்டு வெளியே எடுக்கவே அனுமதி வேண்டும். பிரித்தானியாவிலும் குழலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அமெரிக்காவின் மத்திய சட்டம் வேறு மாதிரி: போல்ட் ஓடும் கூடுதான் அங்கே துப்பாக்கி, குழல் உதிரிப்பாகம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதோடு விளையாட நான் தயாரில்லை.

பழைய_ஃபிட்டர்

குழல் மாற்றுவதில் நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. தோட்டா மாறிப் போவது. 243, 308, 30-06, 8×57, 9.3×62 எல்லாவற்றுக்கும் அடிப்பக்க விட்டம் ஏறக்குறைய ஒன்றே, 12 மில்லிமீட்டர். ஒரே போல்ட் தலை இத்தனை பேரையும் பிடித்துக்கொள்ளும். வசதி என்கிறீர்கள். என் கண்ணுக்கு அதுவே பொறி. பிடித்துக்கொள்கிறது என்பதற்காக, உள்ளே இருக்கும் குழல் அதற்குரியதுதான் என்று ஆகிவிடாது. 300 பிளாக்அவுட் என்ற தோட்டா, 223 என்ற மெல்லிய தோட்டாவின் பித்தளைக் கூட்டிலிருந்து பிறந்தது. அதே போல்ட், அதே மகசீன். 223 குழலில் அது தவறி ஏறினால் தடித்த குண்டு மெல்லிய துவாரத்துக்குள் போக இடமின்றித் துப்பாக்கியே வெடித்துவிடும். அப்படி வெடித்தவை உண்டு.

தொழிற்சாலையில் நாங்கள் செய்தது போலச் செய்யுங்கள். குழலில் ஒரு வண்ணப்பட்டி, தோட்டாப் பெட்டியில் அதே வண்ணம். ஒரு நாளுக்கு ஒரு வண்ணம் மட்டும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும்.

ஊர்விட்டவன்

ஒரு பொக்கெற்றில் ஒரு தோட்டா வகை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். வண்ணப்பட்டியை யாரும் சொல்லவில்லை. நாளைக்கே ஒட்டுகிறேன். 243க்குச் சிவப்பு.

குழல் மாற்றும் வேறு துப்பாக்கிகள் எவை, விலை என்ன என்று மற்றவர்கள் தனிச்செய்தியில் கேட்டதற்கு: 2015இல் வந்த சௌவர் 404இல் சாவி, தோள்வாரை மாட்டும் முன்வளையத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், தொலைக்க முடியாது. மெர்க்கல் ஹீலிக்ஸுக்குச் சாவியே வேண்டாம். கையால் கழற்றலாம். விலை? எல்லாமே புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் யூரோ. மானும் பன்றியும் ஒரே காட்டில் இருப்பவனுக்கும், இரும்பு அலுமாரியில் இடமில்லாதவனுக்கும் இது பயன்படும். வருடத்துக்கு ஒரு விலங்கை ஒரே இடத்தில் சுடுகிறவன், சாதாரண மவுசர் ஒன்றையும் நல்ல கண்ணாடி ஒன்றையும் வாங்கிவிட்டு மிச்சக் காசில் ஊருக்கு வந்துபோகலாம்.

சிறுத்தைத்_தடம்

எனக்கு ஒரு கேள்வி. குறி தவறினால், அல்லது விலங்கைத் துளைத்துக்கொண்டு போனால், அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும்?

ஊர்விட்டவன்

நல்ல கேள்வி டீச்சர். இங்கே முதல் பாடமே அதுதான். ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். விலங்குக்குப் பின்னால் மண் தெரியாவிட்டால் சுடக் கூடாது. அதனால்தான் மரப் பரண் கட்டி மேலே ஏறி உட்காருகிறோம். மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு நிலத்தில் புதைந்துவிடும்.

லீக்ஸ்_தோட்டம்

அது சமதரையில் சரி. இங்கே வந்து என் மேட்டில் பரண் கட்டிப் பாருங்கள். நான் கீழ்நோக்கிக் குறிவைத்தால், கடைசிப் பாத்திக்கு அப்பால் மண் இல்லை, காற்று. காற்றுக்கு அப்பால் கீழ்த் தோட்டத்து லயத்தின் தகரக் கூரை. அதற்குக் கீழே பாதை. மேல்நோக்கிச் சுட்டால் உச்சியில் காட்டு விளிம்பு, அதைத் தாண்டினால் அடுத்த டிவிசன், அங்கேயும் லயம். பகலிலே தெரியும் இதெல்லாம் இரவில் பனி மூடினால் ஒன்றும் தெரியாது. என் துவக்கின் ஈய உருண்டை சில நூறு மீட்டரில் தளர்ந்து விழுந்துவிடும். எனக்கு அதுவே நிம்மதி. இரண்டு குழல் அல்ல, பத்துக் குழலை ஓசியில் தந்தாலும் இந்தச் சரிவில் ரைபிள் எனக்கு வேண்டாம்.

சிறுத்தைத்_தடம்

இவ்வளவு நேரத்தில் முதல் முறையாக ஒரு துப்பாக்கிக்காரரோடு உடன்படுகிறேன்.

ஊர்விட்டவன்

மூன்று வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஃபிட்டர் ஐயாவின் சவாலைச் சூட்டுக்களத்தில் பார்த்துவிட்டேன். நூறு மீட்டர், காற்று இல்லை. 8×57 குழல். இரண்டு வெடி, குழலைக் கழற்றி மேசையில் வைத்தேன், மறுபடி பூட்டினேன், இரண்டு வெடி. இப்படி ஐந்து சுற்று. பத்துத் துளையையும் ஒரு தீப்பெட்டியை வைத்து மூடிவிடலாம்.

பழைய_ஃபிட்டர்

தீப்பெட்டியைப் படுக்க வைத்தா, நிமிர்த்தி வைத்தா?

ஊர்விட்டவன்

படுக்க வைத்து ஐயா. லேபல் மேலே தெரிகிற மாதிரி. ஒரு துளை மட்டும் ஓரத்தில் கடிக்கிறது.

பழைய_ஃபிட்டர்

நல்லது. கண்ணாடி குழலோடு போகிறது என்றால் குறி நிற்கிறது, ஒப்புக்கொண்டேன். இனி அதே கண்ணாடியைக் கழற்றி 243இல் போட்டு, திரும்ப 8×57க்குக் கொண்டுவந்து சுடுங்கள். தீப்பெட்டி போதுமா, பிஸ்கட் பெட்டி வேண்டுமா என்று பார்ப்போம்.